சர்க்கரையிலிருந்து கொழுப்பு: பொரிக்க ஒன்று, குழைக்க ஒன்று (விவாத இழை)

புதுச்சேர்மம் · மார்ச் 3, மாலை 6:12

சார், சர்க்கரையையும் எண்ணெயையும் வினைப்படுத்தினால் கலோரியே இல்லாத எண்ணெய் கிடைக்கும், அதில் பொரிக்கவும் செய்யலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மால்டோடெக்ஸ்ட்ரின், இனுலின் எல்லாமே அதே வகைதான், எதை வேண்டுமானாலும் எண்ணெய்க்குப் பதிலாகப் போடலாம் என்றும் அதில் சொன்னார்கள். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா? செய்முறை எப்படி?

எண்ணெய்வேதி · மார்ச் 3, இரவு 9:40

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. பணத்தை வீணாக்குகிற தவறும்கூட.

'சர்க்கரை வழிக் கொழுப்பு மாற்று' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் சுற்றுகின்றன. ஒன்று சுக்ரோஸ் பாலியெஸ்டர். சர்க்கரை மூலக்கூறில் கொழுப்பு அமிலங்களைக் கோர்த்துச் செய்வது. பார்வைக்கும் நடத்தைக்கும் அது எண்ணெயேதான். நீரில் கரையாது, 180 டிகிரியில் பொரிக்கத் தாங்கும். மற்றொன்று மால்டோடெக்ஸ்ட்ரின், இனுலின் போன்ற கார்போஹைட்ரேட்டை நீரில் கட்டி எடுக்கும் ஜெல். அதில் முக்கால் பங்கு நீர். நாக்கில் வெண்ணெய் மாதிரி வழுக்கும், அவ்வளவுதான். அதை வாணலியில் போட்டால் நீர் தெறிக்கும், மிச்சம் அடிப்பிடிக்கும்.

பொரிக்க வேண்டுமா, குழைக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய். மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகு.

எண்ணெய்வேதி · மார்ச் 3, இரவு 10:25

வரலாறு சுருக்கமாக. 1968இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் உள்ள ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் மாட்சன், வோல்பன்ஹைன் என்ற இருவர் சுக்ரோஸ் பாலியெஸ்டரைக் கண்டார்கள். அவர்கள் தேடியது இதற்கு நேர் எதிரானது: குறைமாதக் குழந்தைகளுக்கு எளிதில் செரிக்கும் கொழுப்பு. கிடைத்ததோ செரிக்கவே செரிக்காத கொழுப்பு. 1971இல் காப்புரிமை, 1987இல் எஃப்.டி.ஏ.வுக்கு (அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விண்ணப்பம், 1996 ஜனவரியில் அனுமதி. அதுவும் உப்பு நொறுக்குகளுக்கு மட்டும். ஓலெஸ்ட்ரா என்பது பொதுப்பெயர், ஓலீன் வணிகப்பெயர். 1998இல் ஃப்ரிட்டோ-லே அதில் பொரித்த 'வாவ்' சிப்ஸை அமெரிக்கா முழுக்க இறக்கியது. 28 கிராம் சாதாரண சிப்ஸில் 150 கலோரி என்றால் இதில் 75. அந்த 75ம் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து தருவது.

புதுச்சேர்மம் · மார்ச் 4, காலை 7:50

சர்க்கரையிலும் கலோரி இருக்கிறது, எண்ணெயிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எப்படி பூஜ்யம் ஆகும் சார்?

எண்ணெய்வேதி · மார்ச் 4, இரவு 9:05

பூஜ்யம் ஆவதில்லை. பாம் கலோரிமீட்டரில் வைத்து எரித்தால் சாதாரண எண்ணெய்க்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய அதே வெப்பம் வரும். ஆற்றல் அப்படியே இருக்கிறது, உடம்புதான் எடுத்துக்கொள்வதில்லை.

சாதாரண எண்ணெய் என்பது கிளிசரால் மேல் மூன்று கொழுப்பு அமிலம். கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி வெட்டும், துண்டுகள் குடல் சுவருக்குள் போகும். சுக்ரோஸில், அதாவது சர்க்கரையில், எட்டு ஹைட்ராக்சில் (கொழுப்பு அமிலத்தைக் கோர்க்கக்கூடிய இடம்) இருக்கிறது. அப்படிக் கோர்த்த ஒவ்வொன்றும் ஒரு எஸ்டர். எட்டிலும் 18 கார்பன் சங்கிலிகளைக் கோர்த்துவிட்டால், நடுவில் இருக்கும் எஸ்டர் பிணைப்பை நொதியால் தொடவே முடியாது. பலாப்பழத்தின் முள்தோல் மாதிரி சங்கிலிகள் சுற்றி அடைத்துக்கொள்கின்றன. மூலக்கூறு எடை 2,400ஐத் தாண்டுவதால் முழுசாகவும் உறிஞ்சப்படாது. உள்ளே போனது அப்படியே வெளியே வரும்.

கண்டுபிடித்த அதே இருவர் 1972இல் எலியின் கணைய நீரை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். மூன்று எஸ்டர் வரை வேகமாகச் செரித்தது, நான்கு ஐந்தில் வேகம் விழுந்தது, ஆறிலும் எட்டிலும் செரிமானமே இல்லை. உன் புராஜெக்ட்டின் உயிர் இந்த எண்ணிக்கைதான். ஒன்றிரண்டு எஸ்டரில் நின்றுபோனால் கையில் இருப்பது குழம்பாக்கி (இ473 என்று பொட்டலத்தில் போடுவார்களே, அது). உடம்பு அதை வெட்டி, சர்க்கரையையும் கொழுப்பையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும். ஏழு, எட்டுக்குத் தள்ளினால்தான் கலோரி போகும். சர்க்கரை சேர்ந்ததால் கலோரி குறைகிறது என்று காணொளிக்காரர் சொன்னால் நம்பாதே.

எண்ணெய்வேதி · மார்ச் 5, இரவு 8:30

கணக்கை முதலில் போட்டுவிடலாம். கணக்கில்லாமல் ஃபிளாஸ்கைத் தொட வேண்டாம்.

மூலக்கூறு எடைகள்: சுக்ரோஸ் 342.3, மெத்தில் ஓலியேட் (எண்ணெயின் ஓலிக் அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்த மெத்தில் எஸ்டர், இதிலிருந்துதான் சங்கிலி சர்க்கரைக்கு மாறும்) 296.5, வெளியேறும் மெத்தனால் 32. எட்டும் கோர்த்த ஆக்டா ஓலியேட் சுமார் 2,458.

100 கிராம் சர்க்கரை = 0.292 மோல். சரியான எட்டுக்கு மெத்தில் ஓலியேட் 693 கிராம் போதும். ஆனால் சரியான எட்டில் வினை முடியாது. வழக்கத்தில் 12 மடங்கு மோல், அதாவது 1,040 கிராம். முழுசாக முடிந்தால் பாலியெஸ்டர் 718 கிராம், மெத்தனால் 75 கிராம், மிஞ்சும் மெத்தில் எஸ்டர் 346 கிராம். இந்த மிச்சத்தைக் கடைசியில் வெற்றிடத்தில் இழுத்து மறுபடி பயன்படுத்த வேண்டும்.

718 கிராமில் சர்க்கரையின் பங்கு 14 சதம்தான். மற்றதெல்லாம் கொழுப்பு அமிலம். ஆகவே கைக்கு வருவதன் குணத்தைத் தீர்மானிப்பது நீ எந்த எண்ணெயின் மெத்தில் எஸ்டரை எடுத்தாய் என்பதே.

எண்ணெய்வேதி · மார்ச் 6, இரவு 10:10

இனி செய்முறை. கரைப்பான் இல்லாத இரண்டு கட்ட முறையைச் சொல்கிறேன். 1970களில் ரிஸ்ஸி, டெய்லர் இருவரும் கொடுத்த வழி. அதற்கு முன் 1950களில் டைமெத்தில் ஃபார்மமைடில் சர்க்கரையைக் கரைத்துச் செய்தார்கள். அந்தக் கரைப்பானை முழுசாக வெளியேற்ற முடியாது என்பதால் உணவுக்கு அது ஆகவில்லை.

முதல் கட்டத்தின் சிக்கல் ஒன்றே ஒன்று: சர்க்கரை எண்ணெயில் கரையாது. உருக்கலாம் என்றால் 186 டிகிரி வேண்டும், அதற்குள் கருகிவிடும். கார வினையூக்கி பக்கத்தில் இருந்தால் அதற்கு வெகு முன்பே பழுக்கும். அதனால் இடையில் தரகு வேலைக்குப் பொட்டாசியம் சோப்பு போடுகிறோம்.

சர்க்கரையை 50 மைக்ரானுக்குக் கீழே பொடித்து வெற்றிட அடுப்பில் உலர்த்து. கடையில் விற்கும் ஐசிங் சுகர் ஆகாது, அதில் சோளமாவு கலந்திருக்கும். 100 கிராம் சர்க்கரைக்கு முதல் கட்டத்தில் மெத்தில் எஸ்டர் மூன்று மோல் கணக்கில் 260 கிராம் மட்டும். சோப்பு சர்க்கரை மோலில் 0.6 பங்கு, பொட்டாசியம் ஓலியேட்டாக 56 கிராம் சுமார். சோப்பைத் தனியாக வாங்காதே. அந்த மெத்தில் எஸ்டரோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விட்டு அங்கேயே சோப்பாக்கிக்கொள். பிறகு மெத்தனாலையும் நீரையும் முழுசாக இழுத்துவிடு. வினையூக்கி உலர்ந்த பொட்டாசியம் கார்பனேட். சோடியம் ஹைட்ரைடு வேகமானது, ஆனால் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் விட்டுத் தீப்பிடிக்கும். மாணவர் கையில் அது வேண்டாம்.

135 டிகிரி, நைட்ரஜன், நல்ல வேகத்தில் கலக்கி, 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம். முதலில் சுண்ணாம்புப் பால் மாதிரி இருக்கும், கலக்குவதை நிறுத்தினால் சர்க்கரை அடியில் உட்காரும். மெல்ல மெல்லக் கெட்டிப்படும், கலக்கி திணறும். அப்புறம் ஒரு கட்டத்தில் வெண்மை விலகி, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் திரவமாகிவிடும். அப்போது உள்ளே இருப்பது ஒன்று, இரண்டு, மூன்று எஸ்டர்களின் கலவை. இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

அந்தத் தெளிவு வரும் முன் அவசரப்பட்டு மீதி மெத்தில் எஸ்டரை ஊற்றினால் என்ன ஆகும்? சோப்பும் கீழ்நிலை எஸ்டர்களும் நீர்த்துப்போகும், பிடித்து வைத்திருந்த சர்க்கரையைக் கைவிடும். அது அடியில் திரண்டு ஒட்டிக் கருகும். அதன்பின் எவ்வளவு கலக்கினாலும் திரும்பாது. கட்டத்தை இரண்டாகப் பிரித்ததற்கே இதுதான் காரணம்.

பேக்கரிப்பித்தன் · மார்ச் 7, காலை 11:20

தேங்காயெண்ணெயில் செய்தால் வாசனை நன்றாக இருக்குமே?

எண்ணெய்வேதி · மார்ச் 7, மதியம் 1:15

வாசனை மெத்தில் எஸ்டர் ஆக்கும்போதே போய்விடும். தேங்காயெண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம், 12 கார்பன். மெத்தில் லாரேட் 15 மில்லிமீட்டரில் 141 டிகிரிக்கே கொதிக்கும். 135 டிகிரியில் வெற்றிடம் வைத்தால் மெத்தனாலோடு சேர்ந்து அதுவும் பொறிக்குள் (பம்புக்கு முன் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கலம்) வந்து விழும். உனக்கு வேண்டிய மூலப்பொருள் கண்முன்னே போகும். சோயா, சூரியகாந்தி, பருத்திக்கொட்டை எண்ணெய் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணெய்வேதி · மார்ச் 8, இரவு 9:30

இரண்டாம் கட்டம். தெளிந்த கலவையில் மீதி 780 கிராம் மெத்தில் எஸ்டரையும் இன்னும் கொஞ்சம் வினையூக்கியையும் சேர்த்து, அதே வெப்பத்தில், வெற்றிடத்தை 5 மில்லிமீட்டருக்கு இறக்கு. இது சமநிலை வினை. மெத்தனாலை வெளியே இழுக்க இழுக்கத்தான் முன்னே நகரும். அடியிலிருந்து நைட்ரஜனைக் குமிழியாக விட்டால் மெத்தனால் சீக்கிரம் வெளியேறும்.

ஐந்து, ஆறு எஸ்டர் வரை சுலபமாகப் போகும். கடைசி இரண்டுக்குத்தான் பாடு. மிஞ்சிய ஹைட்ராக்சில் ஏற்கெனவே கோர்த்த சங்கிலிகளுக்கு நடுவே புதைந்திருக்கும். சேரும் நேரம் முன்பைவிட மும்மடங்கு ஆகலாம். ஆசைப்பட்டு வெப்பத்தை 160, 170க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. நிறம் கறுக்கும், அதோடு கார வினையூக்கி மெத்தில் எஸ்டரைத் தனக்குத்தானே சேர்த்து பீட்டா கீட்டோ எஸ்டர், கீட்டோன் என்று துணைப்பொருள்களை உண்டாக்கும். நிறத்தை எடுக்கலாம், கீட்டோனை எடுப்பது கடினம். 135இல் நின்று வெற்றிடத்தைச் சரிசெய். பெரும்பாலும் கோளாறு பம்பிலோ மூட்டுக் கசிவிலோதான் இருக்கும்.

எண்ணெய்வேதி · மார்ச் 8, இரவு 11:00

மேலே 'உலர்ந்த' என்று பல இடத்தில் எழுதினேன். எவ்வளவு உலர்வு என்று சொல்லாமல் விட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை. மெத்தில் எஸ்டரில் நீர் 0.05 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீர் வந்தால் எஸ்டரை வெட்டி அமிலமாக்கும், அமிலம் வினையூக்கியைத் தின்று சோப்பாகும். சோப்பு கூடினால் நுரை கூடும், நுரை வெற்றிடக் குழாய்க்குள் ஏறும். நுரை ஏறுகிறது என்றால் நுரையடக்கி தேடாதே, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடு.

எண்ணெய்வேதி · மார்ச் 10, இரவு 9:15

சுத்திகரிப்பு. பலர் இங்கேதான் பொருளை இழக்கிறார்கள். ஃபிளாஸ்கில் பாலியெஸ்டர், மிச்ச மெத்தில் எஸ்டர், சோப்பு, வினையூக்கி, கொஞ்சம் கீழ்நிலை எஸ்டர் எல்லாம் ஒன்றாக இருக்கும். நேரே நீர் ஊற்றிக் குலுக்கினால் மோர் மாதிரி குழம்பிவிடும், இரண்டு நாள் ஆனாலும் பிரியாது. சோப்பும் கீழ்நிலை எஸ்டரும் இரண்டுமே குழம்பாக்கிகள்.

75, 80 டிகிரியில் வைத்து, வெந்நீரைப் பத்துக்கு ஒன்று கணக்கில் விட்டு, மெதுவாகப் புரட்டு. குலுக்காதே. அந்த நீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் அடுக்கு சீக்கிரம் பிரியும். சோப்பு நீரோடு போன பிறகு வெற்றிடத்தில் உலர்த்தி, வெளுக்கும் மண்ணோ சிலிக்காவோ போட்டு வடிகட்டு. கடைசியாக மெத்தில் எஸ்டரை உயர் வெற்றிடத்தில் காய்ச்சி இழு. ஆலையில் மெல்லிய படலமாக ஓடவிடும் ஆவியாக்கியில், பிறகு நீராவி விட்டு மணம் நீக்கும் கோபுரத்தில் செய்வார்கள். கல்லூரியில் அது கிடைக்காது. அங்கே ஒரு நல்ல குறுக்கு வழி இருக்கிறது: மெத்தில் எஸ்டர் மெத்தனாலில் கரையும், பாலியெஸ்டர் கரையாது. மெத்தனாலால் நாலைந்து முறை கழுவினால் மிச்சம் போய்விடும். இப்படிக் கழுவியதை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

புதுச்சேர்மம் · மார்ச் 11, காலை 8:05

எட்டும் கோர்த்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் லேபில் சபோனிபிகேஷன் மதிப்பு (கொழுப்பைச் சோப்பாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்ற அளவு) பார்க்க வசதி உண்டு.

எண்ணெய்வேதி · மார்ச் 11, இரவு 9:50

அதைப் பார்க்காதே, ஏமாற்றும். ஆக்டா ஓலியேட்டுக்கு அந்த மதிப்பு 183. சாதாரண ட்ரைஓலினுக்கு 190. மிச்ச மெத்தில் ஓலியேட்டுக்கும் 189. எல்லாம் ஒரே கூட்டத்தில் நிற்கும், எதையும் பிரித்துக் காட்டாது.

ஹைட்ராக்சில் மதிப்பு (கோர்க்காமல் மிஞ்சிய ஹைட்ராக்சிலின் அளவு) பார். ஆக்டாவுக்குப் பூஜ்யம். ஒரு ஹைட்ராக்சில் மிஞ்சிய ஹெப்டாவுக்கு 25.6. இரண்டு மிஞ்சிய ஹெக்சாவுக்கு 58. 70 சதம் ஆக்டா, 30 சதம் ஹெப்டா என்றால் 7.7 வரும். 1996 அமெரிக்க விதி கேட்டது ஆக்டா 70 சதத்துக்குக் குறையாமல், ஆறு முதல் எட்டு வரை எல்லாம் சேர்ந்து 97 சதத்துக்குக் குறையாமல். ஆக, ஹைட்ராக்சில் மதிப்பு 8க்குக் கீழே வந்தால் நல்ல இடத்தில் இருக்கிறாய். ஆனால் மெத்தில் எஸ்டர் மிச்சம் இருந்தால் அதுவும் ஹைட்ராக்சில் இல்லாத பொருள், மதிப்பை இறக்கிக் காட்டும். அதனால் முதலில் மெல்லிய தகட்டு குரோமட்டோகிராபியில் மெத்தில் எஸ்டர் போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்.

அகச்சிவப்பு அலைமாலை இருந்தால் இன்னும் எளிது. 3,400 பக்கம் அகலமான மேடு தட்டையாகப் போக வேண்டும், 1,745இல் எஸ்டர் கூர்மையாக நிற்க வேண்டும். ஈரமான மாதிரியை வைத்தால் 3,400 மேடு பொய் சொல்லும்.

பேக்கரிப்பித்தன் · மார்ச் 12, இரவு 7:30

இவ்வளவு நல்ல பொருள் என்றால் ஏன் இப்போது கடையில் காணோம்? வயிற்றைக் கலக்கும் என்கிறார்களே, உண்மையா?

எண்ணெய்வேதி · மார்ச் 12, இரவு 10:40

பாதி உண்மை. செரிக்காத எண்ணெய் குடல் முழுக்கப் பயணம் செய்கிறது. அது உடல் வெப்பத்தில் திரவமாகவே இருந்தால் மலத்தோடு கலக்காமல் தனியே கசியும். ஆரம்பகாலத் திரவ வகைகளில் இருந்த பெரிய தொல்லை இது. தீர்வு வேதியியலிலேயே இருந்தது: நிறைவுற்ற நீண்ட சங்கிலிகளைக் கொஞ்சம் சேர்த்து, 37 டிகிரியில் வெண்ணெய் மாதிரி விறைப்பாக நிற்கும்படி செய்தார்கள். அனுமதி விதியில் விறைப்புக்கே ஒரு அளவு வைத்தார்கள்.

ஆனால் விறைப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் வாயிலும் உருகாது, மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டும். சிப்ஸ் பொரித்து எடுத்ததும் சூடு ஆறும் முன் மேல் எண்ணெயை வடிக்காவிட்டாலும் அதே மெழுகுதான். குடலுக்கு வேண்டிய கெட்டியும் நாக்குக்கு வேண்டிய இளக்கமும் எதிரெதிர். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடம் குறுகியது. இந்தப் பொருளை ஆக்கியவர்களின் உண்மையான திறமை எனக்குத் தெரிவது இங்கேதான்.

1998இல் வெளியான ஓர் ஆய்வில், சிகாகோ பக்கத்துத் திரையரங்கு ஒன்றில், எது எந்த சிப்ஸ் என்று சொல்லாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுத் தொல்லை சொன்னவர்கள் ஓலெஸ்ட்ரா பக்கம் 15.8 சதம், சாதாரண சிப்ஸ் பக்கம் 17.6 சதம். ஒருவேளை சாப்பிடுவதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லும். தினமும் நிறையச் சாப்பிடுவதற்குச் சொல்லாது.

'வயிற்றுப் பிடிப்பும் இளக்கமும் வரலாம்' என்ற வாசகம் பொட்டலத்தில் கட்டாயமாக இருந்தது. 2003இல் எஃப்.டி.ஏ. அதை எடுத்துவிட்டது, ஆனால் பெயர் அதற்குள் போய்விட்டது. கனடா 2000இல் அனுமதி மறுத்தது. இந்தியாவிலும் உணவில் சேர்க்க அனுமதித்த பட்டியலில் இது இல்லை. பிறகு அதே நிறுவனம் இதே வேதியியலை பெயின்ட், மசகு எண்ணெய் பக்கம் கொண்டுபோனது.

எண்ணெய்வேதி · மார்ச் 13, காலை 6:45

வயிற்றைவிட எனக்குக் கவலை தருவது வைட்டமின். கொழுப்பில் கரையும் எதுவும் குடலில் இந்தச் செரிக்காத எண்ணெய்க்குள் கரைந்து அதோடு வெளியே போகும். ஏ, டி, ஈ, கே நான்கையும் ஈடுகட்ட அமெரிக்க விதி அளவே சொல்கிறது: ஒரு கிராம் ஓலெஸ்ட்ராவுக்கு வைட்டமின் ஈ 1.9 மில்லிகிராம், ஏ 51 ரெட்டினால் அலகு, டி 12 ஐ.யு., கே 8 மைக்ரோகிராம். ஆனால் கேரட், தக்காளியில் வரும் கரோட்டினாய்டுகளை யாரும் ஈடுகட்டவில்லை. அவற்றின் ரத்த அளவு ஒரு நாளைக்கு 3 கிராம் சாப்பிட்டாலே குறைகிறது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதே குணம் ஒருமுறை மருந்தாகவும் உதவியிருக்கிறது. வியன்னாவில் டையாக்சின் நஞ்சேறிய இரு பெண்களுக்கு ஓலெஸ்ட்ரா சிப்ஸ் கொடுத்தார்கள், மலத்தில் டையாக்சின் வெளியேறுவது 8 முதல் 10 மடங்கு ஏறியது. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டையாக்சினும் கொழுப்பில் கரைவதுதான்.

பேக்கரிப்பித்தன் · மார்ச் 15, மாலை 5:00

எனக்குப் பொரிக்க வேண்டாம் சார், கேக் மேல் பூசும் கிரீமில் வெண்ணெயைப் பாதியாக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் வாங்கி ஒன்றுக்கு மூன்று நீரில் கரைத்தேன். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தும் பாகு மாதிரியே ஓடுகிறது.

எண்ணெய்வேதி · மார்ச் 15, இரவு 8:20

பையில் டி.இ. எண் பார்.

பேக்கரிப்பித்தன் · மார்ச் 15, இரவு 8:31

18–20 என்று போட்டிருக்கிறது.

எண்ணெய்வேதி · மார்ச் 15, இரவு 9:45

அது ஜென்மத்துக்கும் கட்டாது. டி.இ. என்பது மாவுச்சத்து எவ்வளவு தூரம் வெட்டுப்பட்டது என்பதன் அளவு. பூஜ்யம் என்றால் முழு மாவு, 100 என்றால் முழு குளுக்கோஸ். 18–20இல் சங்கிலிகள் குட்டையாகிவிட்டன. பானப் பொடிக்கும் சத்துமாவுக்கும் போடுவது அந்த வகை. பிசுபிசுப்பு தரும், ஜெல் தராது. கொழுப்பு மாற்றுக்கு வேண்டியது டி.இ. 2 முதல் 5 வரை. நீண்ட சங்கிலிகள் இருந்தால்தான் குளிரும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நுண்ணிய படிகத் திரள்களாக நிற்கும். நாக்கில் கொழுப்பு மாதிரி உருள்வது சில மைக்ரான் அளவுள்ள அந்தத் திரள்கள்தான். உருளைக்கிழங்கு மாவிலிருந்து வரும் டி.இ. 3 வகை நன்றாகக் கட்டும்.

25 கிராம் பொடி, 75 கிராம் நீர். நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, சுழலும் கத்தியின் மேல் பொடியைத் தூவு. மொத்தமாகக் கொட்டினால் உள்ளே காய்ந்த உருண்டைகள் நிற்கும், பிறகு கரையாது. முழுதும் தெளிந்ததும் கிண்ணத்தில் ஊற்றி 4 டிகிரியில் ஒரு நாள் அசைக்காமல் விடு. வெள்ளையாக, கரண்டியில் எடுத்தால் வெட்டு நிற்கும் பதத்தில் வரும். ஒரு கிராமுக்கு ஒரு கலோரி.

உன் கிரீமில் 100 கிராமுக்கு 40 கிராம் கொழுப்பைக் கழித்து அதே எடை ஜெல் போட்டால் 360 கலோரி போய் 40 வரும். இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. வெண்ணெய் இருந்த இடத்தில் இப்போது நீர் இருக்கிறது, பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளியில் வைக்கும் பண்டம் என்றால் பி.எச்.ஐ 5க்குக் கீழே இறக்கி பொட்டாசியம் சார்பேட் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் குளிரிலேயே வைத்து விற்க வேண்டும். ரொம்பப் புளிப்பில் கொதிக்க வைக்கக் கூடாது, சங்கிலி வெட்டுப்பட்டு ஜெல் இளகும். பச்சை மாவோ அமைலேஸ் நொதியோ கலந்தாலும் அதே கதி.

எண்ணெய்வேதி · மார்ச் 16, இரவு 9:00

இனுலினையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் சிக்கரி வேரிலிருந்து எடுப்பது, ஃபிரக்டோஸ் சங்கிலி. இங்கேயும் சங்கிலி நீளம்தான் எல்லாம். சராசரி 10 அலகுள்ள சாதாரண வகை கெட்டிப்பட நீரில் 30 சதத்துக்கு மேல் வேண்டும். குட்டைச் சங்கிலிகளை நீக்கிய, 23க்கு மேற்பட்ட வகை 20 சதத்திலேயே கிரீமாகும். ஒரு கிராம் கொழுப்புக்கு நீண்ட வகை கால் கிராம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு.

ஐஸ்கிரீமில் மால்டோடெக்ஸ்ட்ரினைவிட இதைத்தான் தேர்வு செய்வேன், மாவு வாடை அடிக்காது. ஆனால் கரைக்கும் விதம் வேறு. முழுசாகத் தெளியும்வரை காய்ச்சினால் விதைப் படிகங்கள் எல்லாம் அழிந்துபோய், ஆறும்போது பெரிய படிகங்களாக விழும், நாக்கில் மணல் தட்டும். கொஞ்சம் மங்கலாக இருக்கும்போதே வெப்பத்தை நிறுத்தி, அதிவேகக் கலப்பியில் ஐந்து நிமிடம் ஓட்டு. பழப் புளிப்போடு பி.எச். 4க்குக் கீழே காய்ச்சினால் ஃபிரக்டோஸாக உடையும். இனிப்புக் கூடும், நிறம் பழுக்கும், கெட்டித்தன்மை போகும். ஒரே நேரத்தில் 10 கிராமைத் தாண்டினால் சிலருக்கு வயிறு உப்பும்.

பாலிடெக்ஸ்ட்ரோஸ் என்று இன்னொன்று. குளுக்கோஸ் 89, சார்பிட்டால் 10, சிட்ரிக் அமிலம் 1 என்று வெற்றிடத்தில் உருக்கிக் கோர்ப்பது. கிராமுக்கு ஒரு கலோரி. அது சர்க்கரையின் உடம்பை ஈடுகட்டும், கொழுப்பை ஓரளவுக்கே. கேக்கில் இரண்டையும் குறைக்கும்போது துணைக்கு நல்லது. தனியாக நம்ப வேண்டாம்.

பேக்கரிப்பித்தன் · மார்ச் 19, மாலை 6:40

டி.இ. 3 கிடைத்தது. கட்டியது சார். ஆனால் வெண்ணெயோடு அடிக்கும்போது திரிந்து நீர் விடுகிறது.

எண்ணெய்வேதி · மார்ச் 19, இரவு 9:10

குளிரிலிருந்து எடுத்த ஜெல்லை இளகிய வெண்ணெயில் போட்டிருப்பாய். இரண்டும் ஒரே வெப்பத்தில், 18, 20 டிகிரியில் இருக்கட்டும். ஜெல்லைத் தனியாக முதலில் அடித்துக் குழைத்துக்கொள். வெண்ணெயில் அதை மூன்று தடவையாகச் சேர். மொத்தக் கொழுப்பில் பாதிக்கு மேல் மாற்றாதே, அதற்கு மேல் போனால் வெண்ணெய் நீரைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் உடையும். 0.3 சதம் லெசித்தின் சேர்த்தால் தாங்கும்.

புதுச்சேர்மம் · மார்ச் 21, காலை 7:15

கைடு சோப்பு முறை வேண்டாம் என்கிறார், நேரம் போதாதாம். வேறு வழி உண்டா சார்?

எண்ணெய்வேதி · மார்ச் 21, இரவு 10:00

உண்டு. சர்க்கரைக்குப் பதில் சுக்ரோஸ் ஆக்டாஅசிட்டேட்டிலிருந்து தொடங்கு. அதில் எட்டு இடத்திலும் ஏற்கெனவே அசிட்டேட் இருக்கிறது. 90 டிகிரிக்குள் உருகி மெத்தில் எஸ்டரோடு கலந்துவிடும், சோப்பு வேண்டாம். அகோ, ஸ்வான்சன் இருவரும் 1990இல் கொடுத்த முறை: ஒரே கட்டம், 105 முதல் 130 டிகிரி, 5 மில்லிமீட்டருக்குக் கீழே வெற்றிடம், வினையூக்கி உலோக சோடியம் ஒன்றிரண்டு சதம். வெளியேறுவது மெத்தில் அசிட்டேட். 57 டிகிரியிலேயே கொதிப்பதால் பொறியைத் திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நேரே பம்பு எண்ணெய்க்குள் போகும்.

10 கிராம் ஆக்டாஅசிட்டேட்டுக்கு மெத்தில் ஓலியேட் சரியான கணக்கில் 35 கிராம், கிடைப்பது 36 கிராம், பொறியில் சேர வேண்டியது 8.7 கிராம். பொறியை எடைபோட்டாலே வினை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.  உலோக சோடியம் எடுக்கும் நாளில் கைடு பக்கத்தில் நிற்க வேண்டும். ஈரத் துணியோ நீர்க் குழாயோ அருகில் கூடாது. மிச்சத்தை ஐசோபுரொப்பனாலில் மெல்ல அழிக்க வேண்டும்.

ஆக்டாஅசிட்டேட் கடுங்கசப்பு. குடிக்கக் கூடாத ஆல்கஹாலில் கசப்புக்காகச் சேர்ப்பதே அதைத்தான். கையுறையோடு எடு. அந்தத் தூசி படிந்த மேசையில் டீ கிளாஸ் வைக்காதே.

எண்ணெய்வேதி · மார்ச் 22, காலை 6:30

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அந்த முறையில் ஹைட்ராக்சில் மதிப்பு உனக்கு உதவாது. பாதியில் நின்ற மூலக்கூறில் மிஞ்சியிருப்பது ஹைட்ராக்சில் அல்ல, அசிட்டேட். மதிப்பு பூஜ்யம் காட்டும், வினை முடிந்ததாக நினைத்துவிடுவாய். இங்கே புரோட்டான் என்.எம்.ஆர். (மூலக்கூறில் ஹைட்ரஜன்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் அலைமாலை) எடு. அசிட்டேட்டின் மெத்தில் கொத்து 2.0 முதல் 2.2க்குள் நிற்கும், அது மறைய வேண்டும். 2.3ஐ ஒட்டிவரும் கொழுப்பு அமிலச் சங்கிலியின் கொத்தோடு பரப்பை ஒப்பிட்டால் எத்தனை மாறியது என்று கணக்கிடலாம். ஓலிக் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்து ஹைட்ரஜன்களும் 2.0இல்தான் வரும், பரப்பில் அதைக் கழிக்க மறக்காதே. ஸ்டியரிக் எஸ்டர் எடுத்தால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் வருவது மெழுகு.

முதல் வாரம் சோடியத்தைத் தொடவே வேண்டாம். மெத்தில் எஸ்டரின் நீரை கார்ல் ஃபிஷர் என்ற ஈரம் அளக்கும் முறையில் பார், பம்பு ஃபிளாஸ்கோடு சேர்த்து 5 மில்லிமீட்டருக்கு இறங்கி ஒரு மணி நேரம் நிற்கிறதா என்று வெறும் ஃபிளாஸ்கில் பார். இரண்டும் சரியாக வந்த பிறகு ஆக்டாஅசிட்டேட் வாங்கு.